அக்காவுக்குச் சேர வேண்டிய 15 நாள் சம்பளம்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு விற்கும் கடை வைத்திருக்கிறேன். பதிவேட்டில் ஒன்பது பேர். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் இன்னும் ஐந்து பேர் வருவார்கள். காய் உரிக்கும் அக்கா ஒருவர் 13 ஆண்டு 8 மாதமாக எங்களுடன் இருக்கிறார். வயது 60. முழங்கால் வலியால் இந்த மாதக் கடைசியோடு நிற்கப்போகிறார். சம்பளம் 13,000 ரூபாய். அவருடைய மகன் வந்து, பணிக்கொடை (வேலையிலிருந்து நிற்கும்போது முதலாளி தரும் ‘கிராஜுவிட்டி’ பணம்) உண்டா என்று கேட்டது எனக்கு மனக்கஷ்டமாகிவிட்டது. அக்காவைக் குடும்பத்தில் ஒருவராகத்தான் நினைத்தோம். மகள் கல்யாணத்துக்கு 40,000 ரூபாய் கொடுத்தேன், திருப்பிக் கேட்கவில்லை. நடுவில் அறுவைச் சிகிச்சை என்று மூன்று மாதம் அவர் வரவும் இல்லை. சின்னக் கடைக்கும் இந்தச் சட்டமெல்லாம் உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உண்டு. அக்காவுக்கு நீங்கள் தர வேண்டியது 1,05,000 ரூபாய்.

கணக்கு எளிது. மாதச் சம்பளத்தை 26 நாளால் வகுத்தால் ஒரு நாள் கூலி 500 ரூபாய். வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி, அதாவது 7,500 ரூபாய். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் அது முழு ஆண்டாகவே கணக்கில் வரும். ஆகவே 13 ஆண்டு 8 மாதம் என்பது 14 ஆண்டு.

நீங்கள் தடுமாறியது ஆள் எண்ணிக்கையில்தான். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் சரி, இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய சட்டமும் சரி, பதிவேட்டை மட்டும் பார்ப்பதில்லை. கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு நாள் கடையில் பத்துப் பேர் வேலை செய்திருந்தாலே போதும். ஓணத்துக்கு முந்தின வாரம் உங்கள் கடையில் 14 பேர் நிற்கிறார்கள். அந்த ஒரு வாரமே கடையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறது. ஒருமுறை உள்ளே வந்த கடை, பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே போக முடியாது. பதிவேட்டில் ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் நம் மாவட்டத்தில் நிறையக் கடைகளில் இருக்கிறது. உங்கள் கணக்கப்பிள்ளையும் அப்படித்தான் சொல்லியிருப்பார். தயவுசெய்து அதை இன்றோடு விடுங்கள்.

அறுவைச் சிகிச்சைக்காக வராத மூன்று மாதம் பணித் தொடர்ச்சியை முறிக்காது. நோயால் வரமுடியாமல் போனதை இடைவெளியாகச் சட்டம் பார்ப்பதில்லை. அக்கா தாமாகவே நின்றாலும், ஐந்து ஆண்டு தாண்டியவர் என்பதால் உரிமை போகாது. ‘பின்னால் எதுவும் கேட்கமாட்டேன்’ என்று முன்பே எழுதி வாங்கியிருந்தாலும் அந்தத் தாள் செல்லாது.

கல்யாணத்துக்குக் கொடுத்த 40,000 ரூபாயைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் அதைக் கழித்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் கடிதத்துக்குள் இருக்கிறது. கழிக்கக் கூடாது. அது நல்ல மனதோடு செய்தது, நல்லதாகவே இருக்கட்டும். பணிக்கொடை என்ற பெயரே பலரையும் குழப்பிவிடுகிறது. நம் பக்கத்தில் கொடை என்றால் அம்மன் கோயில் கொடை நினைவுக்கு வரும், கொடுப்பவர் மனம் நினைவுக்கு வரும். இந்தப் பணமோ அக்கா உழைத்து, ஆண்டுக்கு 15 நாளாக உங்கள் கையில் விட்டுவைத்த கூலி. மகன் வந்து கேட்டதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை.

இதைச் சற்று அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. என் பெரியம்மா முந்திரி ஆலையில், ஊர்ப் பேச்சில் அண்டி ஆபீஸில், இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். தோட்டின் எண்ணெய் பட்டு விரல் வெந்துவிடாமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார். அப்படியும் அவருடைய விரல்நுனித் தோல் எப்போதும் கறுத்து உரிந்தே இருக்கும். அவர் நின்ற அன்று முதலாளி ஒரு சேலையும் ஆயிரம் ரூபாயும் கொடுத்து, கண்கலங்கி வழியனுப்பினார். அந்தக் கண்ணீர் பொய்யில்லை என்று பெரியம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மருந்துக்குத்தான் எங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் அக்காவின் நகக்கண்ணிலும் வாழைக்கறை ஏறியிருக்கும், பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பத்துப் பேர் என்றால் தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடான இ.எஸ்.ஐ.யும் உண்டு. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 13,000 ரூபாய்க்கு உங்கள் பங்கு 422 ரூபாய் 50 காசு, அவருடையது 97 ரூபாய் 50 காசு. சிப்ஸ் சட்டிக்கு முன்னால் நிற்பவரை நினைத்துப் பாருங்கள். மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரைக் கொதிக்கும் தேங்காய் எண்ணெயில் விட்டவுடன் சட்டி சீறிப் பொங்கும். ஒருநாள் அது முழங்கை வரை தெறித்தால், இ.எஸ்.ஐ.யில் பதிந்தவருக்கு மருத்துவமும் வேலைக்கு வராத நாளுக்கான உதவித்தொகையும் கிடைக்கும். பதியாவிட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு உங்கள் தலையில் விழும். அக்காவைப் பதிந்து ஐந்து ஆண்டாவது பங்கு கட்டியிருந்தால், ஓய்வுபெற்ற பிறகும் ஆண்டுக்கு 120 ரூபாய் மட்டும் கட்டி அவரும் கணவரும் சிகிச்சை பெற்றிருக்கலாம். அந்த வாய்ப்பு போய்விட்டது. மற்றவர்களுக்காவது உடனே பதியுங்கள்.

வருங்கால வைப்புநிதிக்கு இருபது பேர் வேண்டும். உங்களுக்கு இப்போது இல்லை. பத்துப் பேர் இருக்கும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம். பெண்கள் வேலை செய்யும் கடை என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். காயை நின்றுகொண்டேதான் உரிக்கிறார்களா? எல்லையைத் தாண்டினால் கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடி, 2018-இல் உட்காரும் உரிமையைப் பெற்றார்கள். 2021-இல் தமிழ்நாடும் கடைகள் சட்டத்தில் இருக்கைக்கான பிரிவைச் சேர்த்தது. மேசைக்குப் பக்கத்தில் நான்கு ஸ்டூல் போடுவதற்கு எவ்வளவு ஆகிவிடும்? அடுத்து அந்த இடத்துக்கு வரும் பெண்ணுக்காவது அது இருக்கட்டும்.

2025 நவம்பர் 21 முதல் 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக நடைமுறைக்கு வந்திருப்பதால், பழைய கணக்கு இனி செல்லாது என்று யாராவது சொல்லலாம். பத்துப் பேர், ஐந்து ஆண்டு, 15 நாள் கூலி என்ற அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கென்று ஒப்பந்தத்தில் எடுப்பவர்களுக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு என்பது புதிது. எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதும் புதிதுதான். சீசனுக்கு வரும் ஐந்து பேருக்கும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

ஒரே மூச்சில் ஒரு லட்சத்துக்கு மேல் எடுப்பது சின்னக் கடைக்குச் சுமைதான், எனக்குத் தெரியும். மற்ற எட்டுப் பேருக்கும் இப்போதிருந்தே தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். 13,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு மாதம் 625 ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு 7,500 சேர்ந்துவிடும். சம்பளம் கூடும்போது ஒதுக்குவதையும் கூட்ட வேண்டும். ஏனென்றால் கணக்கு கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான். எல்.ஐ.சி.யில் இதற்கென்றே குழுத் திட்டம் இருக்கிறது, விசாரியுங்கள்.

அக்கா நின்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் வட்டி சேரும். கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் அவருடைய வங்கிக் கணக்கில் போடுங்கள். கணக்கிட்ட விதத்தை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதை மகன் கையில் தராமல், மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்காவின் கையில் கொடுங்கள்.