சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ்) பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. இனி நான் ரத்ததானம் செய்யலாமா? கொடையாளர்களில் எத்தனை பேருக்கு இது இருக்கும்?

கேள்வி கேட்டவர், ரிப்போர்ட்டில் சி.எம்.வி. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று பார்த்து, அது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் என்றும் படித்துவிட்டு, இதுவரை கொடுத்த ரத்தத்தால் யாருக்காவது கெடுதல் செய்துவிட்டோமோ என்று கலங்கிப் போயிருக்கிறார். நான் ரத்த வங்கியில் வேலை பார்க்கிறேன். இதே கலக்கத்தோடு வருகிறவர்கள் நிறைய என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொடுக்கலாம். உங்களுக்குப் பக்கத்துப் படுக்கையில் ரத்தம் கொடுத்தவருக்கும் பெரும்பாலும் இதே பாசிட்டிவ்தான் இருக்கும். அவர் டெஸ்ட் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளிவந்த மதிப்பீடு ஒன்றில், ரத்தமோ உறுப்போ தானம் செய்பவர்களில் சுமார் 86 சதவீதம் பேருக்கு சைட்டோமெகலோ வைரஸ் வந்துபோன அடையாளம் இருந்தது. பொதுமக்களில் அது சுமார் 83 சதவீதம். ஊருக்கு ஊர் இது மாறும். மேற்கு ஐரோப்பாவில் சில நாடுகளில் ஏறக்குறைய பாதிப்பேர். ஆசியா, ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். எச்சில், சிறுநீர், தாய்ப்பால் வழியாகப் பரவுவதால் பலருக்குச் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. லேசான காய்ச்சலோடு போய்விடும், அல்லது வந்ததே தெரியாது. சின்னம்மை வைரஸும் இதே குடும்பம்தான்; அதனால் ஹெர்பிஸ் என்ற பெயரைப் பார்த்து யாரும் கூனிக்குறுக வேண்டியதில்லை.

ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் எப்போதோ தொற்று வந்தது, உடம்பு எதிர்ப்பொருளை உருவாக்கிவிட்டது என்று அர்த்தம். ஆனால் வைரஸ் முழுதாகப் போய்விடுவதில்லை. சில வெள்ளையணுக்களுக்குள் ஆயுள் முழுக்க ஒடுங்கிக் கிடக்கும். அதனால்தான் ரத்த வங்கியில் எங்கள் கவனமெல்லாம் வெள்ளையணுக்கள் மேல்.

ஒரு பை ரத்தத்தில் நூறு கோடிக்கும் மேல் வெள்ளையணுக்கள் இருக்கும். பையைக் கம்பியில் உயரத் தொங்கவிட்டால், ரத்தம் தன் கனத்திலேயே குழாய் வழியாக இறங்கி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ஃபில்டரைக் கடந்து கீழ்ப்பையில் சேரும். வெள்ளையணுக்கள் ஃபில்டரின் இழைகளில் ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பிய அளவுகோல்படி கீழ்ப்பையில் 10 லட்சத்துக்கும் குறைவாகத்தான் மிஞ்ச வேண்டும். அமெரிக்காவில் 50 லட்சத்துக்குக் கீழ். இப்படி வடிகட்டிய ரத்தத்தையும், சி.எம்.வி. நெகட்டிவ் கொடையாளரின் ரத்தத்தையும் எலும்பு மஜ்ஜை மாற்று நோயாளிகளிடம் ஒப்பிட்டு 1995-ல் வெளியான ஆய்வில், தொற்று விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியானால் யாருக்குத்தான் ஆபத்து? குறைமாதத்தில் பிறந்த எடை குறைந்த குழந்தைகள், எதிர்ப்புச்சக்தி ஒடுங்கிய நோயாளிகள், கருவிலேயே ரத்தம் ஏற்றப்படும் சிசுக்கள். வடிகட்டுவது வழக்கமாவதற்கு முன், 1981-ல் வந்த ஓர் ஆய்வை நான் மறப்பதே இல்லை. தாய்க்கு சி.எம்.வி. இல்லாத பச்சிளங்குழந்தைகளில், பாசிட்டிவ் ரத்தம் ஏற்றிக்கொண்ட 74 பேரில் 10 பேருக்குத் தொற்றியது. நெகட்டிவ் ரத்தம் மட்டுமே பெற்ற 90 பேரில் ஒருவருக்கும் தொற்றவில்லை. அதனால்தான் பல இடங்களில் இத்தகைய குழந்தைகளுக்கென்று நெகட்டிவ் பைகளைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள். கொடையாளர்களில் பத்தில் ஒன்பது பேர் பாசிட்டிவ் என்ற இடத்தில் அது நடக்கிற காரியமில்லை. அங்கே ஃபில்டர்தான் கைகொடுக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெகட்டிவ் என்றாலே முழுப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். புதிதாகத் தொற்று வந்தவருக்கு எதிர்ப்பொருள் உருவாகும் முன் டெஸ்ட் நெகட்டிவ் என்றே காட்டும். அதே நேரத்தில் வைரஸ், ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலேயே மிதக்கும். வெள்ளையணுவைப் பிடிக்கிற ஃபில்டர் அதைப் பிடிக்காது. என் கருத்தில், பல வருடமாகப் பாசிட்டிவாக இருப்பவரின் வடிகட்டிய ரத்தம் இப்படிப்பட்ட நெகட்டிவைவிட நம்பகமானது.

ஆகவே ஐ.ஜி.ஜி. டெஸ்டைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ரிப்போர்ட்டில் ஐ.ஜி.எம். என்பதும் (சமீபத்திய தொற்றைக் காட்டக்கூடிய எதிர்ப்பொருள்) பாசிட்டிவாக இருந்தாலோ, சமீபத்தில் காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டுதல், காரணமில்லாத சோர்வு இருந்தாலோ, தானத்தைத் தள்ளிப்போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த முறை படிவம் நிரப்பும்போது ரத்த வங்கி மருத்துவரிடம் ரிப்போர்ட்டையும் கொடுத்துவிடுங்கள்.