காயலான் கடைக்குப் போடுவதா, கட்டி முடிப்பதா?

கேள்வி: ஐயா, என் சித்தப்பா வீட்டின் பின்புறக் கொட்டகையில், வெளிநாட்டிலிருந்து பாகங்களை வரவழைத்து இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அலுமினியத் தகட்டு விமானம். இறக்கைகள் முடிந்துவிட்டன, உடற்பகுதி பாதியில் நிற்கிறது. ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் 8 ஆண்டுகளாகப் பெட்டியிலேயே இருக்கிறது. சென்ற ஆண்டு சித்தப்பா காலமானார். காயலான் கடைக்காரர் கிலோ கணக்கில் விலை பேசுகிறார். சித்தியோ என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். மீதி வேலையை முடிக்க எவ்வளவு காலமாகும்?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: தம்பி, 'மீதி' என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. உடற்பகுதியில் மீதி எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரிகிறது. முடிந்துவிட்டதாகச் சொல்லும் இறக்கைக்குள் எவ்வளவு மீதி என்று யாருக்குத் தெரியும்? 31 ஆண்டுகள் விமானத் தகடு வேலை பார்த்தவன் நான், குடியிருப்பது தண்டையார்பேட்டையில். கடல் காற்று என் வீட்டு ஜன்னல் கம்பியைத் தின்கிற வேகம் எனக்குத் தெரியும். உங்கள் கொட்டகை கடலுக்கு இன்னும் பக்கம்.

இறக்கையின் ஆய்வு மூடியைக் கழற்றி, டார்ச்சும் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியும் கொண்டு உள்ளே பாருங்கள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. தகடுகளைச் சேர்ப்பதற்கு முன்பே பிரைமர் என்கிற அரிப்புத் தடுப்பு அடிப்பூச்சைப் பூசினாரா, பூசாமலே ரிவெட் ஆணி அடித்தாரா என்பதும் அங்கேதான் தெரியும். எலி புழங்கியிருந்தால் கூடுதல் கவனம்: அதன் சிறுநீர் அலுமினியத்தை அரிக்கும். காற்று வேகம் அளக்கும் குழாயைக் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். அது சின்ன வேலை.

பிறகு நுண்ணளவு பார்க்கும் வெர்னியரை எடுங்கள். அடித்துப் படிய வைக்கிற கெட்டி ரிவெட் என்றால், 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டின் அடிபட்ட தலை ஏறத்தாழ 4.8 அகலம், 1.6 உயரம் இருக்க வேண்டும். துளையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை குறைந்தது 6.4. ஒன்றிரண்டு தவறினால் ட்ரில் செய்து எடுத்துவிட்டு வேறு அடிக்கலாம். வரிசையாகத் தவறினால் பிரித்தாக வேண்டும்.

ஒருமுறை நண்பருக்காக இப்படி ஒரு பாதி விமானத்தைப் பார்க்கப் போனேன். பளபளப்பைப் பார்த்து, "நல்ல கை" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். மறு வாரம் இறக்கையின் முதன்மை உத்திரத்தில் சற்றே சாய்ந்து நின்ற ஒரு ரிவெட்டை எடுத்தோம். அடியில் இரண்டு துளைகள் ஒட்டிக்கொண்டு 8 போல இருந்தன. ட்ரில் வழுக்கியிருக்கிறது, மனிதர் ரிவெட் தலையால் அதை மூடிவிட்டார். அதே வரிசையில் இன்னும் ஐந்து. வாலை வைத்துக்கொண்டு இறக்கையைத் தூக்கிப் போட்டோம்.

உங்கள் சித்தப்பா அப்படிச் செய்திருப்பார் என்று சொல்லவில்லை. அவர் குறிப்பேடு வைத்திருந்தாரா? தேதி, படம், பாகம் வாங்கிய ரசீது எல்லாம் இருந்தால் அந்த நோட்டுதான் கொட்டகையிலேயே விலை உயர்ந்த பொருள். சித்தி பழைய பேப்பரோடு போடுவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட் தலைகளையும் பாருங்கள். விமானத்துக்கென்றே செய்யும் அமெரிக்க ஏ.என். தர எஃகு போல்ட்டில் நட்சத்திரம் போலவோ கோடாகவோ குறி இருக்கும். குறியே இல்லாதது பிராட்வே கடையில் அவசரத்துக்கு வாங்கியதாக இருக்கலாம். ஆட்டோவுக்குப் போதும், இறக்கைக்குப் போதாது.

எஞ்சின் ஓடவே இல்லை என்று மகிழ வேண்டாம். ரோட்டாக்ஸின் ரப்பர் குழாய்களை ஓடினாலும் ஓடாவிட்டாலும் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

பணம் போடுமுன், இதற்குப் பதிவு கிடைக்குமா என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு எழுதிக் கேளுங்கள். மும்பையில் அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய விமானத்துக்கு நெடுநாள் அலைந்த பின் 2017இல்தான் பதிவு கிடைத்தது. அவர் தொழிலே விமானம் ஓட்டுவது. நீங்களும் நானும் எந்த மூலை?

காயலான் கடைக்காரரிடம் ஒரு மாதத் தவணை சொல்லுங்கள். ஆய்வு மூடிக்குள் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பளபளக்கும் வெளிப்பக்கம் வேண்டாம். எவ்வளவு காலமாகும் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கையோடு கொட்டகையிலிருந்து தெருவுக்குப் போகும் சந்தின் அகலத்தையும் அளந்து எழுதுங்கள்.