தட்டில் இருக்கும் பெயர் யாருடையது? – வாசகர் கேள்வி-பதில்

1950-களிலிருந்து 70-கள் வரை அமெரிக்காவின் சின்னச் சின்னக் கம்பெனிகள் வெளியிட்ட சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் ஒரு பாட்டு வகை), ஜாஸ் இசைத்தட்டுகளில் பலவற்றை யார் பாடினார்கள், யார் வாசித்தார்கள் என்று இன்றும் தெரியாது. அந்தக் குழுக்களின் பூர்வீகத்தைத் தேடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கே: என்னிடம் ஒரு 45 ஆர்.பி.எம். சோல் சிங்கிள் (நிமிடத்துக்கு 45 முறை சுழலும், பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு தட்டு) இருக்கிறது. குழுவின் பெயரும் கம்பெனியின் பெயரும் மட்டும்தான் தெரிகிறது. இணையத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

குழுவின் பெயரை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். தட்டில் இருக்கும் தகவல்களிலேயே நம்பகம் குறைந்தது அதுதான். கம்பெனி முதலாளி நினைத்த நேரத்தில் சூட்டிய பெயராக இருக்கலாம். அடுத்த தட்டில் அதே ஆட்களுக்கு வேறு பெயர் வந்திருக்கலாம்.

பாட்டு முடிந்ததும் நடுவில் ஒட்டிய லேபிள் வரை ஒரு வெற்று வளையம் வருகிறதல்லவா, அதைப் பாருங்கள். அங்கே கையால் கீறிய எண்களும், இயந்திரத்தால் குத்திய முத்திரைகளும் இருக்கும். தட்டைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து ஒரு டார்ச் ஒளி விழும்படி வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் படியுங்கள். இரண்டு பக்கங்களையும் முழுச் சுற்றாகப் படிக்க வேண்டும். எது கையெழுத்து, எது முத்திரை என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்தில் 1-ம் 7-ம், 5-ம் எஸ் எழுத்தும் குழப்பும். சந்தேகம் இருந்தால் இரண்டையும் எழுதி வையுங்கள்.

இந்தக் குறிகள் தட்டின் மூலப் பிரதியில் பாட்டு எங்கே வெட்டப்பட்டது, தட்டு எங்கே அச்சானது என்று சொல்லும். ஆர்.சி.ஏ. நிறுவனம் வெளியாருக்காக அச்சிட்ட தட்டுகளில் மேட்ரிக்ஸ் எண்ணின் (வெற்று வளையத்தில் இருக்கும், அந்தப் பக்கத்தின் அடையாள எண்) முதல் எழுத்தே ஆண்டு: 1963-க்கு பி (P), 1964-க்கு ஆர், 1965-க்கு எஸ், 1966-க்கு டி (T), 1967-க்கு யூ, 1968-க்கு டபிள்யூ. இசட்-டி-எஸ்-சி (ZTSC) என்று தொடங்கினால் அது கொலம்பியா நிறுவனம் சிறு வாடிக்கையாளர்களுக்கு அச்சிட்டுக் கொடுத்த 45. சின்ன முக்கோணமும் அதையடுத்து ஓர் எண்ணும் இருந்தால், அல்லது வட்டத்துக்குள் எம்-ஆர் எழுத்துகள் இருந்தால், லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலை. அந்த முக்கோண எண்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போனவை. ஆகவே உங்கள் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள, தேதி தெரிந்த பிரபலத் தட்டுகளைக் கண்டுபிடித்தால், உங்கள் தட்டு எந்த மாதத்தை ஒட்டியது என்று கணித்துவிடலாம். 'வர்ச்யூ' முத்திரை ஃபிலடெல்ஃபியாவின் அந்தப் பெயருள்ள ஸ்டூடியோவைக் காட்டும்.

இவற்றில் தேடுபவருக்கு அதிகம் கொடுப்பது சின்சினாட்டியின் ரைட் ரெக்கார்ட்ஸ் ஆலை. அங்கே வாடிக்கையாளருக்கென்று சி-பி (CP) எழுத்துகளோடு தனிக் கணக்கு எண் உண்டு. அது வெற்று வளையத்தில் இருக்கும். ஒரே சி-பி எண்ணோடு வேறு கம்பெனிப் பெயரில் தட்டுகள் வந்திருந்தால், பெயர் வேறானாலும் பணம் கட்டியவர் ஒருவரே. இரண்டு குழுக்களை இணைக்க இவ்வளவு வலுவான சான்று அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

பலர் தவறுவது இங்கேதான்: ஆலை இருந்த ஊரைக் குழுவின் ஊராக எழுதிவிடுகிறார்கள். 'நாஷ்வில் மேட்ரிக்ஸ்' முத்திரை தென் மாநிலங்கள் முழுவதிலிருந்தும் வந்த தட்டுகளில் இருக்கிறது. அதை வைத்து நாஷ்வில் குழு என்று முடிவு கட்டக் கூடாது. அதேபோல, எண் சொல்லும் ஆண்டு தட்டு தயாரான ஆண்டு. பாட்டு அதற்கு முன்பே பதிவாகியிருக்கலாம்.

கே: லேபிளின் அடியில் 'டெட்ராய்ட் 6, மிச்.' என்று போட்டிருக்கிறது. அந்த 6 என்ன?

அஞ்சல் மண்டல எண். பெரிய நகரங்களுக்கு 1943-ல் வந்தது. ஐந்து இலக்க ஜிப் குறியீடு 1963 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. எனவே ஜிப் எண் உள்ள லேபிள் அந்தத் தேதிக்குப் பிந்தையது என்று உறுதியாகச் சொல்லலாம். மண்டல எண் அவ்வளவு உறுதி தராது. சிறு கம்பெனிகள் மொத்தமாக அடித்து வைத்த பழைய லேபிளைத் தீரும் வரை ஒட்டின.

கே: பாட்டுத் தலைப்புக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் இரண்டு குடும்பப் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. இவற்றால் பயன் உண்டா?

குழுப் பெயரைவிடப் பல மடங்கு பயன் உண்டு. பாட்டெழுதியவருக்கு ராயல்டி போக வேண்டுமானால் உண்மைப் பெயர் எங்காவது பதிவாகியிருக்க வேண்டும்.

முதலில் அமெரிக்கக் காப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்தின் பதிவுப் பட்டியல்களைப் பாருங்கள். 1978-க்கு முந்தைய தொகுதிகள் இன்டர்நெட் ஆர்கைவில் இலவசமாகக் கிடைக்கின்றன. இசைக்கான பகுதி ஆண்டுக்கு இரண்டாக வந்தது: ஜனவரி முதல் ஜூன், ஜூலை முதல் டிசம்பர். பாட்டின் தலைப்பை வைத்துத் தேடுங்கள். தட்டு வந்த ஆண்டில் இல்லையென்றால் முந்தைய ஆண்டையும் அடுத்த இரண்டு ஆண்டுகளையும் புரட்டுங்கள். பதிவு எண் ஈ-யூ என்று தொடங்கினால் வெளியிடப்படாத இசையாகப் பதிவானது. ஈ-பி (EP) என்றால் வெளியானது. பாட்டு தட்டாவதற்கு முன்பே ஈ-யூ பதிவு செய்துகொண்டவர்கள் நிறைய. அதில் எழுதியவரின் முழுப் பெயர் இருக்கும். லேபிளில் 'ஜோன்ஸ்' என்று மட்டும் இருப்பவர் அங்கே முதற்பெயர், நடுப்பெயரோடு கிடைப்பார்.

இந்தப் பட்டியலில் குழுவின் பெயரைத் தேடி, இல்லையென்று கைவிடுபவர்கள் அதிகம். இல்லாததற்குக் காரணம் சட்டம். ஒலிப்பதிவுக்கு மத்திய அரசின் காப்புரிமை 1972 பிப்ரவரி 15 முதல்தான். அதற்கு முன் பாட்டைத்தான் பதிவு செய்ய முடியும், பாடியதைப் பதிவு செய்ய முடியாது. லேபிளில் வட்டத்துக்குள் பி (P) எழுத்தும் ஆண்டும் இருந்தால் தட்டு அந்தத் தேதியை ஒட்டியோ அதற்குப் பிந்தையோ வந்தது என்று கொள்ளலாம்.

அடுத்தது, பாட்டெழுதியவர்களுக்கு ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் பி.எம்.ஐ., அஸ்காப் அமைப்புகளின் தேடுதளம். பாட்டைக் கண்டுபிடித்ததும் அங்கேயே நிற்காதீர்கள். எழுதியவரின் பெயரை அழுத்தி, அவர் பெயரில் உள்ள எல்லாப் பாட்டுகளையும் பட்டியலிடுங்கள். அவற்றை வெளியிட்ட பிற குழுக்களைப் பாருங்கள். உங்கள் குழுவின் முந்தைய அவதாரம் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும். வெளியீட்டாளராக இப்போது காட்டப்படுவது பிற்காலத்தில் உரிமையை வாங்கிய பெரிய நிறுவனமாக இருக்கலாம். லேபிளில் அச்சான பழைய வெளியீட்டாளர் பெயரையே பின்தொடருங்கள்.

எச்சரிக்கை ஒன்று. எழுதியவர் வரிசையில் கம்பெனி முதலாளியும் வானொலி அறிவிப்பாளரும் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்வது அந்தக் காலத்தில் சகஜம். ஒரே கம்பெனியின் பத்துத் தட்டுகளிலும் வரும் பெயர் குழு உறுப்பினருடையதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரே ஒரு தட்டில் வரும் பெயர்தான் உங்கள் ஆள்.

கே: ஒரே பெயரில் சிகாகோவில் ஒரு குழு, ஃபிலடெல்ஃபியாவில் ஒரு குழு. இரண்டும் ஒன்றா?

வேறு என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒன்றுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஒரே பெயர், ஒரே கம்பெனி என்றால்கூட ஆட்கள் ஒன்று என்று சொல்ல முடியாது. டிரிஃப்டர்ஸ் என்ற பாடகர் குழுவின் பெயர் மேலாளர் ஜார்ஜ் ட்ரெட்வெல்லின் கையில் இருந்தது. 1958-ல் அவர் குழு முழுவதையும் நீக்கிவிட்டு, ஃபைவ் கிரவுன்ஸ் என்ற வேறொரு குழுவை அந்தப் பெயரில் மேடையேற்றினார். பாடகர் பென் ஈ. கிங் இந்த ஃபைவ் கிரவுன்ஸிலிருந்து வந்தவர். அத்தனை புகழ்பெற்ற குழுவுக்கே இது நடந்தது என்றால், முந்நூறு தட்டு விற்ற குழுவுக்கு நடந்திருக்காதா?

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வரி போட்டு எழுதியவர், வெளியீட்டாளர், தயாரிப்பாளர், இசையமைத்தவர், மேட்ரிக்ஸ் எண் என்று கட்டம் கட்டுங்கள். இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் இரண்டு தட்டையும் ஒரே குழுவின் கணக்கில் சேர்க்கலாம். குரல் ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் ஒரே பெயர் என்பதற்காக ஒரே பக்கத்தில் சேர்ந்துவிட்ட குழுக்கள் பல இருக்கின்றன.

கே: புகைப்படம் இல்லை, கச்சேரி விளம்பரம் இல்லை. இப்படி ஒரு குழு உண்மையில் இருந்ததா?

வாத்திய இசைத் தட்டு என்றால், ஸ்டூடியோவுக்குள் மட்டுமே இருந்த குழுவாக இருக்கலாம். 1965-ல் டெட்ராய்ட்டின் ரிக்-டிக் கம்பெனி வெளியிட்ட சான் ரெமோ கோல்டன் ஸ்ட்ரிங்ஸ் அப்படிப்பட்டது. ஊர் சிம்ஃபனியின் வயலின்காரர்களும் ஸ்டூடியோ கலைஞர்களும் சேர்ந்து வாசித்ததற்கு ஒட்டப்பட்ட பெயர். ஃபிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்ட் ஸ்டூடியோவில் வாசித்தவர்கள் எம்.எஃப்.எஸ்.பி. என்ற பெயரில் தட்டு வெளியிட்டார்கள்; அவர்களில் பலர் பிறகு சால்சோல் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தார்கள். டெட்ராய்ட்டின் மோடவுன் கம்பெனியின் வாத்தியக் கலைஞர்கள் வெளிக் கம்பெனிகளுக்கு ரகசியமாக வாசித்ததும் உண்டு. 1967-ல் ஜாக்கி வில்சன் சிகாகோவில் பதிவு செய்த வெற்றிப் பாட்டில் அவர்கள் இருக்கிறார்கள். பிடிபடக் கூடாது என்பதால் பெயர் போடப்படவில்லை.

இப்படிப்பட்ட தட்டுகளுக்குச் சிறந்த ஆவணம் வாத்தியக் கலைஞர்கள் சங்கத்தின் ஒப்பந்தத் தாள். ஒரு பதிவு அமர்வு மூன்று மணி நேரம். அதில் அதிகபட்சம் பதினைந்து நிமிட இசை பயன்படுத்தலாம் என்பது விதி. தாளில் தலைவர், ஒவ்வொரு வாத்தியக்காரர், தேதி, நேரம், ஸ்டூடியோ எல்லாம் இருக்கும். ஊருக்கு ஊர் கிளை வேறு: நியூயார்க் 802, லாஸ் ஏஞ்சலஸ் 47, டெட்ராய்ட் 5. நிறவெறிக் காலத்தில் கறுப்பினத்தவருக்குத் தனிக் கிளைகள் இருந்தன. லாஸ் ஏஞ்சலஸின் 767-ஆம் கிளை 1953-லும், சிகாகோவின் 208-ஆம் கிளை 1966-லும்தான் வெள்ளையர் கிளையோடு இணைந்தன. நீங்கள் தேடும் ஆண்டு அதற்கு முந்தையது என்றால் இந்தக் கிளைகளின் உறுப்பினர் பட்டியலைத்தான் கேட்க வேண்டும்.

இந்தத் தாளில் பாடகர்கள் இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அந்தக் காலத்தில் ஆஃப்ட்ரா என்ற தனிச் சங்கம் இருந்தது. நான்கு பேர் பாடும் குழுவை வாத்தியச் சங்கத்தில் தேடி ஏமாறாதீர்கள். சிறு கம்பெனிகள் பல, சங்கத்துக்கே தெரியாமல் பதிவு செய்தன. வேறு சில கம்பெனிகள், தட்டு ஓட ஆரம்பித்த பிறகு பின்தேதியில் தாள் தாக்கல் செய்தன. ஆகவே தாளின் தேதியை மேட்ரிக்ஸ் எண்ணோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

கே: பழைய ஜாஸ் தட்டில் சாக்ஸஃபோன் வாசிப்பவர் அபாரமாக வாசிக்கிறார். ஆனால் அந்தப் பெயரில் வேறு தட்டே இல்லை.

புனைபெயராக இருக்கலாம். 1953-ல் டொராண்டோ மேசி ஹால் கச்சேரித் தட்டில் 'சார்லி சான்' என்று இருப்பவர் சார்லி பார்க்கர். 1958-ல் லூயிஸ் ஸ்மித்தின் தட்டில் 'பக்ஷாட் லா ஃபங்க்' என்று வருபவர் கேனன்பால் ஆடர்லி. 1961-ல் ஜான் கோல்ட்ரேன் தட்டில் 'ஜார்ஜ் லேன்' என்பது எரிக் டால்ஃபி. வேறொரு கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்தவர் தன் பெயரைப் போட முடியாது என்பதே காரணம். அதனால் தேடும் வழியும் அங்கேதான்: அந்த மாதத்தில் அந்த நகரத்தில் யார் இருந்தார், யார் போட்டிக் கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்தார் என்று பாருங்கள். மிஞ்சுபவர்கள் மூன்று நான்கு பேர்தான். பிறகு காதுக்கு வேலை கொடுக்கலாம்.

1920-களில் இசைக்குழுக்களே முழுதாகப் பெயர் மாற்றின. ஹார்மனி கம்பெனிக்கு 'டிக்ஸி ஸ்டாம்பர்ஸ்' என்று வாசித்தது ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழு. அந்தக் காலத்து 78 ஆர்.பி.எம். தட்டுகளுக்கு, சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இணையவழி ஒலிப்பதிவுப் பட்டியல் முதல் வாசல். விக்டர், கொலம்பியா போன்ற கம்பெனிகளின் பதிவேடுகள் அதில் மேட்ரிக்ஸ் எண்ணோடு தேடக் கிடைக்கின்றன. அதற்கு மேல் நியூவர்க்கில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் ஆய்வு நிறுவனத்துக்கு எழுதுங்கள். கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள். தட்டு எண், பக்கம், மேட்ரிக்ஸ் மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும்.

கே: இங்கிலாந்தில் வந்த ஒரு தொகுப்பில் உள்ள குழு, அமெரிக்காவில் எங்குமே இல்லை. ஏன்?

அரிய அமெரிக்க சோல் தட்டுகளுக்கு ஆடும் வட இங்கிலாந்தின் நார்தர்ன் சோல் அரங்குகளின் டி.ஜே.க்கள் அரிய தட்டைப் போட்டியாளர் கண்டுபிடிக்காமலிருக்க லேபிளை மூடி, பொய்ப் பெயரில் அறிவித்தார்கள். அந்தப் பொய்ப் பெயரிலேயே திருட்டுப் பிரதிகளும் வந்தன. 1965-ல் ஃபிராங்க் வில்சன் பாடிய பாட்டு 'எடி ஃபாஸ்டர்' என்று உலவியது பிரசித்தம். பாட்டின் தலைப்பும் பொய்யாக இருக்கக்கூடும். ஆகவே பல்லவியின் சொற்களை வைத்துக் காப்புரிமைப் பட்டியலிலும் பி.எம்.ஐ. தளத்திலும் தேடுங்கள்.

கே: பழைய பில்போர்டு, கேஷ் பாக்ஸ் ஆகிய இசைத்தொழில் இதழ்களில் தேடினால் எதுவும் சிக்குவதில்லை.

ஸ்கேன் செய்த பக்கங்களின் எழுத்தைக் கணினி தப்பாகப் படிக்கிறது. சிறிய அச்சில் உள்ள விமர்சனப் பத்திகள்தான் அதிகம் கெடுகின்றன. குழுப் பெயரை விட்டுவிட்டு, கம்பெனிப் பெயரையும் தட்டு எண்ணையும் போடுங்கள். அதுவும் சிக்காவிட்டால், மேட்ரிக்ஸ் காட்டும் மாதத்திலிருந்து மூன்று மாத இதழ்களைக் கண்ணால் புரட்டுவதே வழி. சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர் போன்ற கறுப்பினத்தவர் பத்திரிகைகளின் கிளப் விளம்பரங்களையும் விடாதீர்கள். குழு எந்த ஊரில் வாரந்தோறும் மேடையேறியது என்பது தொழில் இதழ்களைவிட அங்கேதான் தெரியும்.

கே: ஓர் உறுப்பினரின் முழுப் பெயர் கிடைத்துவிட்டது. அடுத்து?

அதே பெயரில் பலர் இருப்பார்கள். ஊர்வாசிகளின் பெயரும் முகவரியும் அடங்கிய ஊர் அட்டவணைப் புத்தகங்கள், 2022-ல் திறக்கப்பட்ட 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இரங்கல் குறிப்புகள் மூன்றையும் வைத்து வயதும் தெருவும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு தொலைபேசிக்குப் பதில் கடிதம் எழுதுங்கள். பாட்டையும் அனுப்புங்கள், உறுப்பினர்களில் பலர் தங்கள் தட்டைக் கேட்டே பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். 'விற்பதற்குத் தட்டு இருக்கிறதா' என்று முதல் கடிதத்தில் கேட்டால் கதவு சாத்தப்படும், அது நியாயமும்கூட.

பேசும்போது 'எந்த ஆண்டு' என்று கேட்காதீர்கள். தேதி நினைவில் நழுவும், வரிசை நழுவாது. பாட்டு பதிவானது திருமணத்துக்கு முன்பா, ராணுவத்துக்குப் போவதற்கு முன்பா என்று கேளுங்கள். புகைப்படங்களின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ராயல்டி வந்ததா என்று அவர்கள் கேட்டால், நீங்கள் கண்டெடுத்த பதிவு எண்ணையும் இப்போதைய வெளியீட்டாளர் பெயரையும் எழுதிக் கொடுங்கள். அவர்கள் சொன்னதை வெளியிடும் முன் அவர்களிடம் வாசித்துக் காட்டி அனுமதி வாங்குங்கள். முகவரியையும் எண்ணையும் எங்கும் பதியாதீர்கள்.