பழைய வீட்டில் எர்த் வயர் இல்லாத பிளக் பாயிண்டுக்கு நியூட்ரலிலிருந்து எர்த் எடுக்கலாமா?

எடுக்கவே கூடாது. உங்கள் வீட்டில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஃபேஸ், நியூட்ரல் என்று இரண்டு வயர்தான் வருகிறது, சாக்கெட்டில் மட்டும் மூன்று துளை இருக்கிறது என்கிறீர்கள். நியூட்ரல் திருகிலிருந்து எர்த் திருகுக்கு ஒரு துண்டு வயர் போட்டால் போதும் என்று வேலைக்கு வந்தவர் சொன்னாராம். அந்தத் துண்டு வயர், எர்த்தே இல்லாத பாயிண்டைவிட ஆபத்தானது.

காரணம் இதுதான். அந்த பாயிண்டுக்கு வரும் நியூட்ரல் எங்காவது ஒரு ஜாயிண்டில் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் நின்றுவிடும். ஆனால் ஃபேஸ் உள்ளே போய், மோட்டார் சுருளைக் கடந்து, நியூட்ரல் பின்னுக்கு வந்து, அந்தத் துண்டு வயர் வழியாக ஃபிரிட்ஜின் இரும்பு உடம்பில் ஏறி நிற்கும். கரண்ட் இல்லை என்று நினைத்துக் கதவைத் தொடுபவர் 230 வோல்ட்டைத் தொடுகிறார். எம்.சி.பி.க்கு (ஓவர்லோடோ ஷார்ட்டோ வந்தால் தானாக விழுந்து கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இது தெரியவே தெரியாது. பழைய வீடுகளில் நியூட்ரலிலும் ஒரு ஃபியூஸ் கட்டை வைத்திருப்பார்கள். அது உருகினாலே இந்த நிலை வந்துவிடும். எங்காவது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் இன்னும் மோசம்: பிளக்கைச் செருகிய கணமே உடம்பு முழுக்க ஃபேஸ்தான்.

தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதும் இதே வகைத் தவறு. நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் மாற்றியிருந்தால் பாதை அங்கே அறுந்துவிடும்; கோளாறு வரும் நாளில் வீட்டுக் குழாய் எல்லாம் ஷாக் அடிக்கும். கேஸ் குழாயைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இப்போது இருக்கும் நிலையை முதலில் அளந்து பாருங்கள். மல்டிமீட்டரில் ஏ.சி. வோல்ட் வைத்து, ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் எடுக்க வேண்டும். நல்ல எர்த் என்றால் முதல் இரண்டும் ஏறக்குறைய 230, மூன்றாவது ஓரிரு வோல்ட். ஃபேஸ்–எர்த் 60, 110 என்று தடுமாறினால் அந்த எர்த் பின் எங்கும் சேராமல் தொங்குகிறது என்று பொருள். ஏமாற்றுவது மூன்றாவது வகை. முதல் இரண்டும் சரியாக இருந்து, மூன்றாவது சுத்தமாக 0 காட்டினால் மகிழ வேண்டாம். அதே லைனில் இஸ்திரிப் பெட்டி போன்ற 1000 வாட் லோடைப் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். உண்மையான எர்த் என்றால் நியூட்ரல் வயரில் விழும் வோல்டேஜ் தெரிந்து அளவு கொஞ்சமாவது ஏறும். அப்போதும் 0 என்றே நின்றால் உள்ளே யாரோ துண்டு வயர் போட்டிருக்கிறார்கள். மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டருக்கு இந்தத் திருட்டு எர்த் தெரியாது, எல்லாம் சரி என்றே காட்டும். நியான் டெஸ்டரை எர்த் சோதனைக்கு நம்பவே வேண்டாம்.

எர்த் என்றால் கசியும் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும், நமக்கு ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. 3 மீட்டர் நீளம், 16 மி.மீ. விட்டமுள்ள எர்த் ராடை, 100 ஓம்-மீட்டர் மின்தடைத் திறனுள்ள மண்ணில் இறக்கினால் கிடைக்கும் தடை சுமார் 33 ஓம். ஃபேஸ் வயர் கெய்சரின் உடம்பில் பட்டால் ஓடும் மின்சாரம் 230 ÷ 33, அதாவது 7 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு அசையாது. ‘சி’ வகை எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் 80 முதல் 160 ஆம்பியர் வரை பாய வேண்டும். ஆக எர்த் ராட் அடித்து, வயரும் இழுத்த பிறகும் கெய்சரின் உடம்பு 200 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டே இருக்கும். ஈரமான உடம்பின் தடையைத் தோராயமாக 1000 ஓம் என்று கொண்டால் 200 மில்லியாம்பியர் உடம்பில் பாயும். உயிரைப் பறிக்க அது போதும்.

அதனால்தான் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்கிறேன். ஃபேஸில் போனது நியூட்ரலில் திரும்பவில்லை என்றால் அது விழுந்துவிடும். அதே 33 ஓம் ராடுக்கு 30 மில்லியாம்பியரில் வரும் வோல்டேஜ் 1 மட்டுமே. சுமாரான எர்த்கூட ஆர்.சி.சி.பி.யோடு சேர்ந்தால் நல்ல காவல். சுவரை உடைத்து எர்த் இழுக்க இப்போது வசதியில்லை என்றாலும் இதை மட்டுமாவது உடனே வையுங்கள். எர்த் இல்லாத லைனிலும் அது வேலை செய்யும். ஒரே வித்தியாசம், கோளாறு வந்ததுமே விழாது, ஒருவர் தொட்ட பிறகே விழும். ஷாக் அடிக்கும், ஆனால் 150 மில்லியாம்பியருக்கு மேல் என்றால் 0.04 நொடிக்குள் துண்டித்துவிடும். இன்வெர்ட்டர் வகை வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் உள்ள வீட்டுக்கு ‘ஏ’ வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஓவர்லோடை ஆர்.சி.சி.பி. கவனிக்காது, எம்.சி.பி. தனியாக இருக்க வேண்டும்.

பழைய வீட்டில் ஆர்.சி.சி.பி. மாட்டியதும் நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கலாம். பொருள் மோசம் என்று கழற்றிப் போடுவதுதான் வழக்கம், அப்படிச் செய்யாதீர்கள். பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்: ஒரு அறையின் நியூட்ரலை வேறு லைனிலிருந்து கடன் வாங்கியிருப்பார்கள், எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது பழைய ரப்பர் வயரின் உறை நமுத்துப்போய்க் கசியும். பிளக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு, லைன் லைனாக ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் பிரித்து, 500 வோல்ட் மெகரில் (வயர் உறையின் காப்புத் தடையை அளக்கும் கருவி) பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் அந்த வயரையே மாற்ற வேண்டும். அதில் எர்த் மட்டும் சேர்ப்பது வீண்.

இனி எர்த் இழுக்கும் வேலை. மெயினை அணையுங்கள், இன்வர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள், ஏனென்றால் மெயின் போன பிறகும் பாதி வீட்டுக்கு அது உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும். மீட்டர் பெட்டியில் மின்வாரியமே எர்த் முனை கொடுத்திருந்தால் அங்கிருந்து தொடங்கலாம். இல்லையென்றால் ராட். ராடைத் தடிமனாக்குவதால் பெரிய பலன் இல்லை: விட்டத்தை இரட்டித்தால் 33 ஓம் 30 ஆகும், அவ்வளவுதான். நீளத்தை இரட்டித்தால் 19க்கு வந்துவிடும். பாறை குறுக்கிட்டால் இரண்டாவது ராடை ஒரு ராட் நீளமாவது தள்ளி இறக்கி, இரண்டையும் இணைக்கலாம். உப்பு போட்டால் தடை குறையும். ஆனால் மழையில் கரைந்து போகும், ராடையும் அரிக்கும்.

ராடிலிருந்து மெயின் போர்டில் ஒரு எர்த் பாருக்கு (எல்லா எர்த் வயரும் சேரும் உலோகப் பட்டை) வந்து, அங்கிருந்துதான் எல்லா லைனும் பிரிய வேண்டும். கெய்சருக்குத் தனி ராட், ஃபிரிட்ஜுக்குத் தனி ராட் என்று விட்டுவிடக் கூடாது. எத்தனை ராட் இருந்தாலும் அந்த பாரில் ஒன்றுசேர வேண்டும். ஃபேஸ் வயர் எந்த அளவோ எர்த் வயரும் அதே அளவு: 1.5 சதுர மி.மீ.க்கு 1.5, 4க்கு 4. பழைய பைப்பில் இடமில்லாமல் சுவரோரம் தனியாக ஓட்டினால், கேசிங்குக்குள் 2.5க்குக் குறையக் கூடாது. காப்பு எதுவும் இல்லாமல் ஓட்டினால் 4. பச்சை அல்லது பச்சை-மஞ்சள் நிறம் தவிர வேறு வேண்டாம். பழைய இரும்பு பைப்பையே எர்த்தாகப் பயன்படுத்தலாமே என்பார்கள். ஜாயிண்டுகளில் துரு ஏறியிருக்கும், மீட்டரில் தொடர்பு காட்டும், கோளாறு மின்சாரம் வரும்போது விட்டுவிடும்.

எர்த் வயர் வழியில் சுவிட்சோ ஃபியூஸோ வரக் கூடாது. ஒரு சாக்கெட்டைக் கழற்றினால் அடுத்ததன் எர்த் அறுந்துபோகாதபடி, பெட்டிக்குள் வரும் வயரையும் போகும் வயரையும் கனெக்டரில் சேர்த்து, சாக்கெட்டுக்கு ஒரு கிளை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். நியூட்ரல் ஃபியூஸ் கட்டையை எடுத்துவிட்டு நேர் இணைப்பு போட இதுவே சமயம். எல்லா பாயிண்டையும் ஒரே நாளில் முடிக்க முடியாவிட்டால் கெய்சர், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி என்ற வரிசையில் போங்கள். சதுரத்துக்குள் சதுரம் குறி உள்ள சாதனங்களுக்கு எர்த் தேவையில்லை.

முடிந்ததும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி, விழுந்தது என்று திருப்தி அடைய வேண்டாம். எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்தப் பொத்தானுக்கு அது விழும். ஆர்.சி.சி.பி. சோதனைப் பொத்தான் உள்ள சாக்கெட் டெஸ்டரை ஒவ்வொரு பாயிண்டிலும் செருகி அழுத்துங்கள். எந்த இடத்தில் ஆர்.சி.சி.பி. விழவில்லையோ, அந்த சாக்கெட்டுக்கு எர்த் இன்னும் வந்து சேரவில்லை.