வாசகர் கேள்வி – பதில்: டெட்ராய்ட் லயன்ஸ், 2023

சென்ற இதழில், ‘நான் பார்த்ததிலேயே மனசுக்கு நெருக்கமான சீசன் டெட்ராய்ட் லயன்ஸின் 2023’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை அந்தக் கேள்விகளுக்கு மட்டும்.

கோப்பையே வாங்காத அணிக்கு இவ்வளவு பாராட்டா? ஃபைனலுக்குக்கூடப் போகவில்லையே!
– ஒரு வாசகர், ஈரோடு

ஐயா, இதற்கு 2008-லிருந்து சொல்ல வேண்டும். அப்போது வேலை நிமித்தமாக மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் நோவை என்ற ஊரில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும், அதோடு நூலில் கட்டிய பென்சில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் எழுந்துபோய், லயன்ஸ் ஜெயித்தால் அந்தத் தேதியில் ஒரு வட்டம், தோற்றால் ஒரு கோடு போடுவார்.

அந்த வருஷம் 16 ஆட்டம், 16 கோடு. என்.எஃப்.எல். என்ற அந்த லீகில் 16 ஆட்டங்கள் கொண்ட சீசனில் எல்லாவற்றிலும் தோற்ற முதல் அணி லயன்ஸ்தான். கடைசி ஆட்டம் டிசம்பர் 28, கிரீன் பேயிடம் 31-21. அன்று நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். கோட்டைப் போட்டுவிட்டு, பென்சில் ஆடாமல் நிற்கும்வரை அதைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

லயன்ஸ் கடைசியாகச் சாம்பியன் ஆனது 1957-ல். 2023 சீசனுக்கு முன் பிளே-ஆஃப் (லீக் சுற்றுக்குப் பிறகு வரும் நாக்-அவுட்) ஆட்டம் ஒன்றைக் கடைசியாக ஜெயித்தது 1992 ஜனவரியில். அதன் பிறகு ஆடிய 9 பிளே-ஆஃப் ஆட்டங்களிலும் தோல்வி. அப்படிப்பட்ட அணி 2023-ல் 12 ஜெயித்து, 5 தோற்று, 1993-க்குப் பிறகு முதல் முறையாகத் தன் டிவிஷனில், அதாவது தன் பிரிவில், முதலிடப் பட்டம் வாங்கியது. டிசம்பர் 24 அன்று மினசோட்டாவை 30-24 என்று ஜெயித்தபோது அது உறுதியானது. அந்தக் காலண்டரைக் கண்ணால் பார்த்தவனுக்கு இதைவிட வேறு கோப்பை வேண்டாம்.

எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். ‘நாலாவது டவுனில் துணிந்தார்கள்’ என்று எழுதியிருந்தீர்களே, அது என்ன?
– ஒரு கல்லூரி மாணவி, நாகர்கோவில்

நல்ல கேள்வி அம்மா, இந்த அணியின் உயிரே அதில்தான் இருக்கிறது. பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி 4 வாய்ப்பு கிடைக்கும். அந்த வாய்ப்புக்குத்தான் டவுன் என்று பெயர். மூன்றில் முடியவில்லையா, நாலாவதில் பெரும்பாலான கோச்சுகள் பந்தை உதைத்துத் தூரமாக அனுப்பிவிடுவார்கள். கம்பங்கள் பக்கத்தில் இருந்தால் நடுவில் உதைத்து 3 புள்ளி எடுத்துக்கொள்வார்கள். உதைக்காமல் ஆடித் தோற்றால் நின்ற இடத்திலேயே பந்து எதிரணிக்குப் போய்விடும்.

டெட்ராய்ட் கோச் டான் கேம்பெல் உதைப்பதை விரும்பாதவர். செப்டம்பர் 7, சீசனின் முதல் ஆட்டம், எதிரே நடப்புச் சாம்பியன் கன்சாஸ் சிட்டி, அதுவும் அவர்கள் ஊரில். டெட்ராய்ட் தன் கோட்டிலிருந்து வெறும் 17 யார்டில் நிற்கிறது. நாலாவது டவுன், தேவை 2 யார்டு. அந்த இடத்தில் பந்து பறிபோனால் எதிரணிக்குப் புள்ளி ஏறக்குறைய நிச்சயம். எல்லாரும் உதைக்கத்தான் போகிறார்கள் என்று நினைக்க, பந்து நேராக ரீவ்ஸ்-மேபின் கைக்குப் போகிறது. அவர் குனிந்து முட்டிக்கொண்டு ஓடி 3 யார்டு எடுத்துவிட்டார்! இங்கே கோவையில் விடியற்காலை ஆறு மணி சுமார். கையில் பால் பாக்கெட்டோடு டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஆட்டத்தை 21-20 என்று ஜெயித்தார்கள்.

கேம்பெல் பற்றி இன்னொன்று. தோற்றுக்கொண்டே இருந்த அந்த 2008 அணியில் அவரும் ஆட்டக்காரர். காயத்தால் அதிகம் ஆடவில்லை என்றாலும் அந்த உடை மாற்றும் அறையில் இருந்தவர்.

பிளே-ஆஃபில் பழைய டெட்ராய்ட் வீரரையே சொந்த ஊர்க்காரர்கள் கூச்சல் போட்டு வெறுப்பேற்றினார்களாமே, அது சரியா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

மேத்யூ ஸ்டாஃபோர்ட். பந்து வீசும் குவார்ட்டர்பேக்காக 12 சீசன் டெட்ராய்ட்டுக்கு உழைத்தவர். 2021-ல் அவரை லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்குக் கொடுத்து, பதிலுக்கு அவர்களின் குவார்ட்டர்பேக் ஜாரெட் கோஃபையும், சில டிராஃப்ட் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்) வாய்ப்புகளையும் வாங்கினார்கள். ஸ்டாஃபோர்ட் போன முதல் வருஷமே லீகின் ஃபைனலான சூப்பர் பௌல் ஜெயித்தார். கோஃபோ, தன் அணியே வேண்டாம் என்று அனுப்பிவிட்ட ஆள். இரண்டு வருஷம் கழித்து இருவரும் டெட்ராய்ட்டின் ஃபோர்ட் ஃபீல்டில் எதிரெதிரே நின்றார்கள். அந்த அரங்கம் 2002-ல் திறந்தது. அங்கே லயன்ஸ் ஆடிய முதல் பிளே-ஆஃப் ஆட்டம் அதுதான்.

ஸ்டாஃபோர்டுக்குக் கூச்சல் போட்டது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அரங்கம் முழுக்க ‘ஜாரெட் கோஃப்’ என்று பெயர் சொல்லிக் கத்தியதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. நம் நேரப்படி அது ஜனவரி 15, காலை ஆறரை மணி, பொங்கல் நாள். வாசலில் பானை பொங்குகிறது, உள்ளே நான் டிவியை விட்டு நகரவில்லை; வீட்டில் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். 24-23, ஒரே புள்ளி. கடைசியில் கோஃப் வீசிய பந்தை அமோன்-ரா செயின்ட் பிரவுன் பிடித்ததோடு ஆட்டம் முடிந்த மாதிரிதான், ராம்ஸ் கைக்குப் பந்து திரும்பவே இல்லை. 2021 டிராஃப்டில் தனக்கு முன்னால் எடுக்கப்பட்ட 16 ரிசீவர்களின் (பந்து பிடிப்பவர்களின்) பெயரையும் வரிசையாக ஒப்பிக்கிற பையன் அவர்.

அன்று இரவு பெரியவர் வீடியோ அழைப்பில் வந்தார். முகத்தைக் காட்டவில்லை, காலண்டரைத்தான் காட்டினார். வட்டத்தை அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்திருந்தது.

டல்லாஸ் ஆட்டத்தில் நடுவர் தவறு செய்தாரா?
– ஒரு வாசகர், மதுரை

டிசம்பர் 30. கடைசி 23 விநாடி இருக்கும்போது டெட்ராய்ட்டுக்கு டச் டவுன் (பந்தோடு எதிரணிக் கோட்டைத் தொடுவது, 6 புள்ளி), டல்லாஸ் 20-19 முன்னிலை. டச் டவுனுக்குப் பின் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில் உதைத்து ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்யாமல், 2 புள்ளிக்குப் போனார் கேம்பெல். பந்தைப் பிடித்தது 68-ஆம் எண் டெய்லர் டெக்கர். வழக்கமாகப் பந்து பிடிக்காத இடத்தில் ஆடுபவர் பிடிக்க வேண்டுமானால் முன்கூட்டியே நடுவரிடம் சொல்ல வேண்டும். டெக்கர் சொன்னேன் என்கிறார். நடுவர் அறிவித்ததோ 70-ஆம் எண்ணை. புள்ளி ரத்து, ஆட்டமும் போனது. சொன்னவரை விட்டுவிட்டுச் சொல்லாதவர் எண்ணை அறிவித்தார்கள் என்பதுதான் என் எண்ணம்.

சான் பிரான்சிஸ்கோவிடம் தோற்றது கோச்சால்தானே? இரண்டு முறை 3 புள்ளியை விட்டார், 3 புள்ளியில் தோற்றார்கள். கணக்கு நேராக இருக்கிறதே?
– ஒரு ஆசிரியர், விழுப்புரம்

சார், இந்தக் கேள்வியை மட்டும் 11 பேர் கேட்டிருக்கிறீர்கள். ஃபைனலுக்கு முந்தைய பிளே-ஆஃப் ஆட்டம் அது. பாதி ஆட்டத்தில் டெட்ராய்ட் 24-7 முன்னிலை. அப்புறம் 24-10 என்று இருக்கும்போது நாலாவது டவுன், தேவை 2 யார்டு. உதைக்கவில்லை. கோஃப் சரியாகத்தான் வீசினார், ரெனால்ட்ஸ் கையில் பட்டு நழுவியது. அடுத்து எதிரணி வீசிய நீளமான பந்து டெட்ராய்ட் ஆட்டக்காரரின் ஹெல்மெட் கம்பியில் மோதி எகிறி அயூக் கையில் விழுந்தது, 51 யார்டு. உடனே டெட்ராய்ட்டின் கிப்ஸ் பந்தைத் தவறவிட்டார். பின்னர் 27-24 என்று பின்தங்கியிருந்தபோது மறுபடி நாலாவது டவுன், மறுபடி உதைக்கவில்லை, அதுவும் கைகூடவில்லை. முடிவு 34-31.

முதல் முறை செய்தது சரி என்றே இன்றும் சொல்வேன். இரண்டாவது முறை சமன் செய்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உதை என்றால் கட்டாயம் 3 புள்ளி என்று கணக்குப் போடாதீர்கள், இரண்டுமே 45 யார்டுக்கு மேல். தவிர, செப்டம்பரில் 17 யார்டில் நின்று துணிந்தபோது எழுந்து கைதட்டியவன் நான். அதே ஆள் ஜனவரியில் அதே மாதிரி துணிந்தால் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆட்டம் முடிந்து அவரும் முடிவுகளுக்காக வருந்தவில்லை என்றார், விமர்சனம் வரும் என்பது புரிகிறது என்றும் சொன்னார்.

அடுத்த சீசனைப் பார்க்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?
– ஒரு வாசகி, சேலம்

செப்டம்பரில் ஆரம்பிக்கும். அங்கே மதியம் ஒரு மணி ஆட்டம் என்றால் நமக்கு ஞாயிறு இரவு பத்தரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் பதினொன்றரை. எல்லாம் வேண்டாம், நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் நாள் வியாழக்கிழமை மட்டும் பாருங்கள். 1934-லிருந்து அந்த நாளில் சொந்த ஊரில் ஆடுவது லயன்ஸ் வழக்கம். 2023-ல் கிரீன் பேயிடம் 29-22 என்று தோற்றார்கள். பெரியவர் காலண்டரில் அதற்கும் ஒரு கோடு உண்டு. 2024 காலண்டரை ஏற்கெனவே மாட்டிவிட்டாராம், பென்சில் மட்டும் பழையதுதான்.