விட்டதைப் பிடிக்கும் நோய்: சூதாட்டப் பழக்கம் பற்றிய கேள்வி பதில்

ஓசூர்: தம்பிக்கு சிப்காட்டில் வேலை. சம்பளம் வந்த அன்றே ரம்மியில் போய்விடுகிறது. இது திமிரா, நோயா?

நோய்தாங்க. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் குடிநோயோடு சேர்த்தே இதை வைத்திருக்கிறார்கள். முக்கியமாக இரண்டைப் பாருங்கள்: தோற்ற மறுநாளே 'விட்டதைப் பிடிக்கணும்' என்று உட்காருவது, போன தொகையை வீட்டில் மறைப்பது. எப்போது விழும் என்று தெரியாமல் நடுநடுவே விழும் ஜெயிப்புதான் மூளையைக் கட்டிப்போடுகிறது. ஒரே சீட்டில் தவறிய ஆட்டம் கூட, ஜெயிக்கக் கிட்ட வந்துவிட்டதாகவே மனதில் பதியும்.

பாலக்கோடு: வீட்டுக்காரருக்குக் கடன் நாலு லட்சம். நிலத்தை விற்று ஒரேயடியாக அடைத்துவிடலாமா?

இப்போது வேண்டாங்க. கடன் தீர்ந்த மறுநாளே லோன் ஆப் புதுக்கடன் கொடுக்கும். முதலில் பணம் அவர் கைக்குப் போகும் வழியை அடைத்துவிடுங்கள். அவர் சம்மதத்தோடு சம்பளக் கணக்கின் யூபிஐயை எடுத்துவிடுங்கள். ஏடிஎம் கார்டு உங்களிடம் இருக்கட்டும். செலவுக்கு இரண்டு நாளுக்கான ரொக்கம் மட்டும். நகை, பத்திரத்தை வேறு இடத்தில் வையுங்கள். பிறகு யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரு நோட்டில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். முதல் தடவை முழுக் கணக்கும் வராது. அடுத்த வாரம் திட்டாமல் திரும்பக் கேளுங்கள். மீட்டர் வட்டிக்காரர் மிரட்டினால், 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டப்படி புகார் கொடுக்கலாம்.

விளையாட்டை நிறுத்திய முதல் நாட்களில் தூக்கம் வராது, எரிந்து விழுவார். 'ஐநூறுதானே' என்று இரக்கப்பட்டுக் கொடுக்கிற இடத்தில்தான் பல வீடுகள் சறுக்குகின்றன.

அரூர்: அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்கிற நடுக்க நோய். மாத்திரை கூட்டிய பிறகுதான் சீட்டாட்ட வெறி வந்தது. சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகள் சிலருக்கு இப்படிச் செய்யும். நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்துச் சீட்டுடன் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்; அளவைக் குறைத்தாலே பலருக்கு அடங்கிவிடும்.

பர்கூர், கிராம செவிலியர்: பிபி, சுகர் பார்க்கவே நேரமில்லை. இதையும் நாங்களா பார்க்க வேண்டும்?

நீங்கள்தான் பார்க்க முடியும். குடித்தால் வாடை காட்டிக்கொடுக்கும்; இதற்கு வாடையும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. தூக்கமில்லை, வயிற்றெரிச்சல் என்று வருவார்கள்; மாத்திரையோடு போய்விடுவார்கள். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. பந்தயப் பணத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று தோன்றியதா? எவ்வளவு ஆடினீர்கள் என்று வேண்டியவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்ததா? ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்புங்கள். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் ஆலோசனைதான் முதல் சிகிச்சை. சிலருக்கு நால்ட்ரெக்சோன் மாத்திரையும் உதவும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வாசல் வரை போகிற அந்த வேலையிலேயே இந்த இரண்டு கேள்வியையும் சேர்த்துவிடலாம். ஆளைத் தனியாக வைத்துக் கேளுங்கள். மாமியார் முன்னால் உண்மை வராது.

கடன் பெரிது என்றால் 'செத்துடலாம்னு தோணுதா' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 'ஆமாம்' என்றால் தனியே விடாதீர்கள், வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை உடனே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவு பகலாகத் தமிழில் எடுக்கும், அவசரமென்றால் 108.