உயுனி உப்புவெளி ஏன் இவ்வளவு சமமாக இருக்கிறது?

கேள்வி: பொலிவியா நாட்டிலுள்ள உயுனி உப்புவெளியைப் படத்தில் பார்த்தேன். அங்கே முன்பு கடல் இருந்ததா? மேடு பள்ளமே இல்லாமல் தரை அவ்வளவு சமமாக எப்படி ஆயிற்று? தேன்கூடு போன்ற கோடுகள் எதனால் வந்தன?
– ஆறாம் வகுப்பு வாசகி

பதில்: அத்தனை உப்பைப் பார்த்தால் கடல் என்றே நினைக்கத் தோன்றும், ஆனால் அது ஏரிகள் விட்டுச்சென்ற உப்பு. ஆண்டிஸ் மலைத்தொடர்களுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்திலுள்ள பீடபூமியில், 10,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் விரிந்திருக்கும் இதுவே உலகின் மிகப் பெரிய உப்புவெளி. சுற்றிலும் மலைகள் அடைத்து நிற்பதால், அங்கே பெய்யும் மழைநீருக்குக் கடலைச் சென்றடைய வழியில்லை. பாறைகளிலிருந்து சிறிது சிறிதாகக் கரைந்த உப்பைச் சுமந்துவரும் ஆறுகள் தாழ்வான இடத்தில் தேங்க, வெயிலும் காற்றும் நீரை மட்டும் கொண்டுபோய்விடுகின்றன; உப்பு தங்கிவிடுகிறது. மழை மிகுந்திருந்த பழங்காலங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பேரேரிகள் அங்கே தோன்றி வற்றின. அவற்றுள் டவுக்கா என்று ஆய்வாளர்கள் பெயரிட்டுள்ள ஏரி, சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன்பு 100 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துடன் நிறைந்திருந்தது. உப்புவெளியின் நடுவே, உயரமான கள்ளிச்செடிகளுடன் ஒரு தீவைப்போல நிற்கும் இன்காஹுவாசி குன்றின் பாறைகளில், அந்த ஏரிநீருக்கடியில் பாசிகளோடு சேர்ந்து உருவான சுண்ணாம்புப் படிவுகளை இன்றும் காணலாம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை அறிந்தபோது நான் மிகவும் வியந்தேன். ஏரி வற்றிய நாளிலேயே அந்தத் தரை சமமாகி, அப்படியே நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் புதிதாகச் சமப்படுத்தப்படுகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மழைக்காலத்தில் மெல்லிய நீர்ப்பரப்பு ஒன்று அதன்மேல் தேங்கி, வானத்தை அப்படியே காட்டும் கண்ணாடியாகிறது. நீர் எப்போதும் சமமாகவே நிற்கும் அல்லவா? மேடாக இருக்கும் உப்பை அந்த நீர் கரைத்துக்கொள்கிறது. பிறகு அது வற்றும்போது, நீர் அதிகம் நின்ற பள்ளங்களில் உப்பு அதிகமாகப் படிகிறது. இவ்வாறு மேடு தேய்ந்து பள்ளம் நிரம்புவதால், அவ்வளவு பெரிய வெளி முழுவதிலும் உயர வேறுபாடு 1 மீட்டருக்கும் குறைவு! செயற்கைக்கோள்களின் உயரமானிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பதற்கு இந்த வெளியையே விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் இந்தச் சமம், அளவுகோல் வைத்து இழுத்த நேர்கோடு போன்றதன்று. பூமி உருண்டை என்பதால் கடலின் மேற்பரப்பு வளைந்திருப்பதுபோல, உப்புத்தரையும் பூமியோடு சேர்ந்து வளைந்தே இருக்கிறது.

கோடுகளுக்குக் காரணம் தரைக்கு அடியில் இருக்கிறது. மேலே காய்ந்த வெள்ளைப் பாளமாகத் தெரிந்தாலும், அதன் கீழே உவர்நீர் நிறைந்திருக்கிறது. மேற்பகுதியில் நீர் ஆவியாக ஆவியாக, எஞ்சும் நீரில் உப்பு மிகுந்து அது கனமாகிக் கீழே இறங்குகிறது. உப்புக் குறைந்த நீர் அதன் இடத்துக்கு மேலே வருகிறது. இந்தச் சுழற்சிகள் அடுத்தடுத்து நெருக்கமாக நடப்பதால் ஒன்றையொன்று நெருக்கி, பெரும்பாலும் அறுகோணங்களாக அமைகின்றன. கனமான நீர் இறங்கும் ஓரங்களில் மற்ற இடங்களைவிட உப்பு அதிகமாகப் படிந்து, வரப்புபோல மேலெழுகிறது. படத்தில் நீங்கள் கண்ட கோடுகள் அந்த வரப்புகளே. ஒவ்வோர் அறுகோணமும் சுமார் 1 முதல் 2 மீட்டர் அகலம் இருக்கும்.